பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். மகளுக்கு வரன் பார்க்கிறார். பேசி முடிக்கிற நேரத்தில், பையனைப் பற்றி விசாரிக்க ஒரு துப்பறியும் ஏஜென்சிக்குப் பணம் கட்டியிருக்கிறார்.

"டீச்சர், பையன் மேல மோசடி கேஸ் இருக்காம். கோர்ட் வெப்சைட்லயே இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்திருக்காங்க. வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

"அப்பா பேரு, வயசு, விலாசம் எல்லாம் ஒத்துப்போகுதாப்பா?" என்று கேட்டேன். பதில் இல்லை. பெயர், இனிஷியல், மாவட்டம் மூன்றும் ஒன்று. அவ்வளவுதான்.

அன்று அவருக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1877-ல் லண்டனில் ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒருவன் பிடிபட்டான். தன்னைப் பெரிய பிரபு என்று சொல்லிக்கொண்டு பெண்களிடம் பழகுவான். செல்லாத செக்கைக் கொடுத்துவிட்டு மோதிரம், கைக்கடிகாரம் என்று வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவான். 5 ஆண்டு தண்டனை கிடைத்தது. விடுதலையாகிப் போனான்.

1894, 1895-ல் அதே லண்டனில் அதே மாதிரி மோசடி மறுபடி நடந்தது. 1895 டிசம்பரில் அடால்ஃப் பெக் என்ற நார்வே நாட்டுக்காரர் தெருவில் நடந்து போகிறார். ஏமாந்த பெண் ஒருவர், "இவன்தான்" என்று வழிமறிக்கிறார். பெக் தானாகவே போலீஸ்காரரிடம் போய், இந்தப் பெண் தொல்லை செய்கிறார் என்று புகார் சொன்னார். கைதானது அவர்தான்!

ஏமாந்த பெண்கள் பலர் வந்து அடையாளம் காட்டினார்கள். 1877-ல் ஸ்மித்தைப் பிடித்த போலீஸ்காரரே, "அந்த ஸ்மித் இவர்தான்" என்று சத்தியம் செய்தார். பெக்கோ அந்தக் காலத்தில் தென் அமெரிக்காவில் இருந்தவர். அதை நிரூபிக்க அவருடைய வக்கீல் முயன்றபோது, 1877 விஷயம் இந்த வழக்கில் வராது என்று நீதிபதி மறுத்துவிட்டார். 1896-ல் 7 ஆண்டு தண்டனை. சிறைக்குள் போனதும் ஸ்மித்தின் பழைய கைதி எண்ணையே கொடுத்து, பழைய குற்றவாளி என்பதற்கான எழுத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். 1898-ல் ஸ்மித்தின் பழைய சிறைக் குறிப்பை எடுத்துப் பார்த்தார்கள். அதில் எழுதியிருந்த ஓர் உடல் அடையாளம் பெக்கிடம் இல்லவே இல்லை. இருவரும் வேறு ஆட்கள் என்று அரசுக்கே தெரிந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? எண்ணை மட்டும் மாற்றினார்கள். ஆளை விடவில்லை.

1901-ல் வெளியே வந்தவரை 1904-ல் அதே குற்றத்துக்கு மறுபடி பிடித்தார்கள். மறுபடி குற்றவாளி என்று தீர்ப்பு. நீதிபதிக்கு மனதில் ஏதோ உறுத்த, தண்டனையைத் தள்ளிவைத்தார். பெக் காவலில் இருக்கும்போதே, மோசடியாக வாங்கிய மோதிரங்களை அடகு வைக்கப் போன உண்மையான ஸ்மித் சிக்கினான். ஜார்ஜ் சிம்ஸ் என்ற பத்திரிகையாளர் பெக்குக்காக விடாமல் எழுதினார். பெக்குக்கு மன்னிப்பும் 5,000 பவுன் இழப்பீடும் கிடைத்தன. இங்கிலாந்தில் 1907-ல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்ததற்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் பெக் 1909-ல் வறுமையில்தான் இறந்தார்.

பெயரையும் முகத்தையும் நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துதான் அந்தக் காலத்திலேயே வேறு வழி தேடினார்கள். பாரிஸில் பெர்டியோன் என்பவர் கைதிகளின் தலை, கை, கால்களை அளந்து அட்டையில் எழுதி வைத்தார். நம் நாட்டில், கல்கத்தாவில் 1897-ல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. எட்வர்டு ஹென்றி பெயரில் உலகம் அறிந்த அந்த முறைக்குக் கணக்குப் போட்டு உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய போலீஸ் அதிகாரிகள். 1901-ல் அது லண்டனுக்குப் போனது.

இத்தனையும் கண்டுபிடித்த பிறகு நாம் என்ன செய்கிறோம்? செல்போனில் பெயரைத் தட்டுகிறோம். 1877-க்கே திரும்பிப் போகிறோம்! அதிலும் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்து இனிஷியல்தான். மு. செல்வம் என்றால் முருகன் மகனா, முத்து மகனா, முனியாண்டி மகனா?

நானும் இந்தத் தவறு செய்தவள்தான். ஒரு வருடம் என் வகுப்பில் இரண்டு மு. செல்வம். வீட்டுப் பாடம் எழுதாதவனை விட்டுவிட்டு எழுதியவனை வெளியே நிறுத்தினேன். அவன் அழக்கூட இல்லை. மதியம்தான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். முப்பது வருடம் ஆகியும் அந்த முகம் மறக்கவில்லை.

துப்பறியும் ஏஜென்சிகளை முறைப்படுத்த 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. சட்டமாகவில்லை. அதனால் ரிப்போர்ட்டைச் சரிபார்க்கிற பொறுப்பு வாங்குகிற நம்முடையதுதான். வழக்கு எண்ணைக் கேளுங்கள். தகப்பனார் பெயர், வயது, விலாசம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஆள் ஒன்றே என்றாலும், வழக்கு இருப்பதும் குற்றம் நிரூபணமானதும் வேறு வேறு. தீர்ப்பு என்ன என்று பாருங்கள். விடுதலையானவர்கள் பெயரும் அதே பட்டியலில்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், சம்பந்தப்பட்டவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மாணவர் ஒரு வக்கீலை வைத்து விசாரித்தார். வழக்கில் இருந்தவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். தகப்பனார் பெயரும் வேறு. ஆனால் அதற்குள் விஷயம் பையன் வீட்டுக்கு எட்டிவிட்டது. அவன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். "நேர்ல போய் மன்னிப்புக் கேளுப்பா, அப்புறம் கல்யாணப் பேச்சு" என்றேன். போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். சம்பந்தம் கூடுமா, இன்னும் தெரியவில்லை. கூடினால் பத்திரிகை எனக்கு முதலில் வரும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஐந்தாம் வகுப்பு டீச்சர்