கடற்பாசியும் கிணற்றுத் தண்ணீரும்

நோன்பு காலத்தில் எங்கள் வீடுகளில் கடற்பாசி காய்ச்சாத நாள் குறைவு. அதே சாமான்தான் நோய்க்கிருமி ஆய்வுகூடங்களையும் தாங்கி நிற்கிறது என்று ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போதுகூட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1881ஆம் ஆண்டு. பெர்லினில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வோல்தர் ஹெஸ்ஸே என்ற வைத்தியர் காற்றிலுள்ள பற்றீரியாக்களை ஜெலற்றினில் வளர்க்கப் பார்க்கிறார். சூடு ஏறினால் ஜெலற்றின் உருகிவிடுகிறது. சில கிருமிகள் அதையே கரைத்தும் விடுகின்றன. அவருடைய மனைவி ஃபனி ஹெஸ்ஸே செய்யும் ஜெலி மட்டும் உருகுவதில்லை. அவர் போட்டது ஏகார், அதாவது நம்முடைய கடற்பாசி. ஜாவாவில் வாழ்ந்து வந்த அயலவர்களிடம் கற்ற பக்குவம் அது. கணவரிடம் அதைச் சொன்னார். 37 பாகையிலும் ஏகார் இறுகியே நின்றது. 1882இல் காசநோய்க் கிருமி பற்றிக் கொக் எழுதிய கட்டுரையில் ஏகார் இருக்கிறது, ஃபனியின் பெயர் இல்லை.

ஆனால் வெறும் போசணை ஏகாரில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே முளைக்கும். கழிவுநீர்த் துளி ஒன்றில் ஆபத்தானதை எப்படிப் பிரிப்பது? லிவர்பூலில் கழிவுநீரை ஆராய்ந்த அல்பிரட் மக்கொங்கி 1900இல் ஒரு வழி சொன்னார். ஊடகத்தில் பித்த உப்பைச் சேர்த்தார். குடலில் வாழும் கிருமிகளுக்குப் பித்தம் பழக்கம், மற்றவற்றில் பல அதில் தலைதூக்காது. கூடவே லக்ரோஸ் என்ற பாற்சீனி. பின்னர் நடுநிலைச் சிவப்பு என்ற சாயமும் சேர்ந்தது. ஈ.கோலி அந்தச் சீனியை அமிலமாக்கும், அதன் புள்ளிகள் சிவக்கும். நெருப்புக்காய்ச்சல் கிருமிக்கு அந்தச் சீனி ஆகாது, அது நிறமில்லாமல் நிற்கும்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. போன மாரி வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் பாடசாலைக் கிணறு பளிங்கு மாதிரித் தெளிந்து கிடந்தது. நாங்களே பிள்ளைகளைக் குடிக்க விட்டோம். பிஎச்ஐ மாதிரி எடுத்துக்கொண்டு போனார். ஈ.கோலி இருக்கிறது என்று முடிவு வந்தது. மலக்கழிவு கலந்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். அது வந்த வழியில் நெருப்புக்காய்ச்சலும் வரலாம். குளோரின் போட்டு, மறுபரிசோதனை சரிவரும் வரை கொதித்தாறிய நீர்தான் கொடுத்தோம். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் கிணறும் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் கண்ணை நம்ப வேண்டாம், பிஎச்ஐயிடம் சொல்லுங்கள். அடுத்த முறை கடற்பாசி காய்ச்சும்போது ஃபனி ஹெஸ்ஸேயின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.