நாக்கு ஒட்டு

நாக்கின் அடிப்பக்கத்தை வாயின் அடித்தளத்தோடு சேர்க்கும் மடிப்பு பிறவியிலேயே குட்டையாகவோ, தடித்தோ, நுனிவரை நீண்டோ இருந்து நாக்கின் அசைவைக் குறைக்கும் நிலை நாக்கு ஒட்டு. நாக்குக் கட்டு என்றும் சொல்வதுண்டு. கருவில் நாக்கு முதலில் வாயின் அடித்தளத்தோடு ஒன்றாகவே இருந்து, பிறகு நுனியிலும் ஓரங்களிலும் விடுபடுகிறது. நடுவில் விடுபடாமல் எஞ்சுவதுதான் இந்த மடிப்பு. எல்லாருக்கும் இது உண்டு. எவ்வளவு எஞ்சினால் குறை என்று கோடு கிழிப்பதில்தான் சிக்கல். அளக்கும் முறைக்கேற்ப நூறு பச்சைக் குழந்தைகளில் நான்கிலிருந்து பத்துவரை என்று கணக்கு மாறுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது மிகுதி. சில குடும்பங்களில் தலைமுறைதோறும் வருகிறது. அண்ணப் பிளவும் நாக்கு ஒட்டும் சேர்ந்துவரும் குடும்பங்களில், எக்ஸ் குரோமோசோமிலுள்ள டிபிஎக்ஸ்22 என்ற மரபணு பழுதுபட்டிருப்பது 2001இல் கண்டறியப்பட்டது. திண்டுக்கல் பக்கத்திலும் பிற தென்மாவட்டங்களிலும் நாக்கு ஒட்டு பெரும்பாலும் பேச்சோடு சேர்த்தே பேசப்படுகிறது. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் நாக்கைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். பார்ப்பதில் தவறில்லை. மடிப்பைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டு, நாக்கு செய்யவேண்டிய வேலையைப் பார்க்காமல் விடுவதுதான் இந்தக் குறையின் நெடிய வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப நடந்த பிழை.

அரிஸ்டாட்டில், நாக்கு சற்றுக் கட்டுண்டவர்களுக்கு உச்சரிப்பு மழுங்கும் என்று உயிரினங்களைப் பற்றிய தம் நூலில் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ், இந்தச் சவ்வை அறுக்கும் முறையையும், அருகிலுள்ள இரத்தக் குழாயில் கத்தி படாமல் காக்க வேண்டியதையும் விவரித்தார். அறுத்தபின் நாக்கு பல்லைத் தாண்டி நன்றாக நீண்டும் பேச்சு வராத ஒருவரையும் அதே இடத்தில் அவர் குறித்துவைத்தார். நாக்கு நீளுவது வேறு, பேச்சு வருவது வேறு என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேவையில்லை. ஆனால் அந்தக் குறிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பிய மருத்துவச்சிகள் சிலர் பிறந்த குழந்தையின் நாக்கடிச் சவ்வைக் கிழிப்பதற்கென்றே ஒரு விரலில் நகம் வளர்த்து வைத்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் லூயி பெத்தி, இந்த வெட்டுக்குப் பிறகு நாக்கு பின்னால் மடிந்து மூச்சடைத்து இறந்த குழந்தைகளைப் பற்றி எழுதி எச்சரித்தார். இருபதாம் நூற்றாண்டில் புட்டிப்பால் பரவியதும் வெட்டும் குறைந்தது. ரப்பர்க் காம்பிலிருந்து பால் இறங்க நாக்கு அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. நாக்கு ஒட்டு குறையவில்லை; அதை வெளிக்காட்டும் வேலை குறைந்துபோனது.

தமிழ் மரபில் நாக்கையும் பேச்சையும் குழப்பிக்கொள்ளாத ஒரு போக்கு உண்டு. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாவும் மொழியும் தனித்தனித் தேர்வுகள். நாவில் நிறம், மாவு படிதல், வறட்சி, வெடிப்பு, சுவை ஆகியவற்றைப் பார்ப்பார்கள்; மொழியில் குரலின் தன்மையைப் பார்ப்பார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலோ எழுத்தொலி பிறக்கத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புகளைச் சொல்கிறது. நாக்கு அந்த எட்டில் ஒன்று. நுனி பரந்து பல்லடியைத் தொட்டால் தகரமும் நகரமும், நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும், விளிம்பு தடித்துத் தொட்டால் லகரமும் ளகரமும் என்று அது வகுக்கும் விதத்தில் ஒன்று தெளிவாகிறது: தமிழில் எந்த எழுத்துக்கும் நாக்கு உதட்டுக்கு வெளியே வர வேண்டியதில்லை. நாக்கை வெளியே நீட்டச் சொல்லிப் பேச்சுத்திறனை எடைபோடும் வழக்கம், தமிழ் எழுத்துகளுக்குத் தேவையே இல்லாத ஓர் அசைவை அளக்கிறது. வேண்டியது தூக்குதலும் வளைத்தலும். அதிலும் வாய் முழுதாகத் திறந்த நிலையில் இல்லை, பேசும்போது தாடை இருக்கும் அளவுக்குத் திறந்த நிலையில்.

ந, ன, ண என்றும் ல, ள, ழ என்றும் மும்மூன்றாக நாக்கை வேலை வாங்கும் மொழியில், ஒட்டிய நாக்கு கண்டிப்பாகத் தடுமாறும் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மிகக் கடுமையான ஒட்டில் நுனி எழும்பாமல் இவை மழுங்குவதும் உண்டு. ஆனால் பேச்சு, நாக்கு ஒன்றை மட்டும் நம்பி நடப்பதில்லை. நுனி எழாதவர்கள் நாக்கின் முன்பரப்பை உயர்த்தியும் தாடையைச் சற்று மூடியும் அதே ஒலியைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 2020இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வு, நாக்கு ஒட்டை வெட்டிய சிறு பிள்ளைகள், வெட்டாத பிள்ளைகள், ஒட்டே இல்லாத பிள்ளைகள் ஆகியோரின் உச்சரிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அதே ஆண்டில் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் வல்லுநர் குழுவும், நாக்கு ஒட்டு பொதுவாகப் பேச்சைப் பாதிப்பதில்லை என்று ஒத்த கருத்துக்கு வந்தது. ழகரம் வராத பிள்ளைக்கு நாக்கில் கோளாறு என்ற பேச்சுக்கோ மதுரை, திண்டுக்கல் வட்டார வழக்கே பதில் சொல்லிவிடும். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று பேச்சில் சொல்வோர் இங்கே ஏராளம். அத்தனை பேருக்கும் நாக்கு ஒட்டியிருக்கவில்லை. பிள்ளை வீட்டில் கேட்டதைத்தான் சொல்கிறது.

கேட்பதுதான் இதில் பெரிய விஷயம். மூன்று வயதாகியும் பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. நாக்கு ஒட்டு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஒலி தெளிவில்லாமல் போகுமே தவிர, சொற்களே வராமல் போவதில்லை. அம்மா, அப்பா, மாமா என்ற முதல் சொற்களை உதடே சொல்லிவிடும். சொல்லே வரவில்லையென்றால் செவித்திறன் குறைவு, ஆட்டிசம், அறிவு வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் இன்னும் வலுவாக இருக்கும் தமிழ்நாட்டில் பிறவிச் செவிட்டுத்தன்மை அரிதன்று. 2013இல் இந்திய அரசு தொடங்கிய ஆர்பிஎஸ்கே சிறார் நலத் திட்டம், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய 30 குறைகளைப் பட்டியலிட்டது. அதில் செவித்திறன் குறைவும் மொழி வளர்ச்சித் தாமதமும் உதடு, அண்ணப் பிளவும் உண்டு. நாக்கு ஒட்டு இல்லை. இந்த விடுபாட்டைக் குறையென்று சொல்ல மாட்டேன். பேச்சு வருமென்று வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினாலும், கழுதைப்பால் விற்பவர் தெருவில் வரும்போது ஒரு சங்கு வாங்கி ஊற்றினாலும், சவ்வை வெட்டினாலும், காது கேளாத பிள்ளைக்கு நேர்வது ஒன்றே: பெரா என்ற செவிப் பரிசோதனையும் காதுக் கருவியும் காக்ளியர் அறுவையும் பலன் தரக்கூடிய ஆண்டுகள் கைநழுவும்.

பால் குடிப்பதில் கதை வேறு. இங்கே நாக்கு ஒட்டுக்கு உண்மையான பங்கு உண்டு. மார்பில் பால் குடிக்கும் குழந்தை நாக்கைக் கீழிறக்கும்போது வாய்க்குள் உண்டாகும் வெற்றிடமே பாலை இழுக்கிறது என்பதை மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் டோனா கெடஸ் குழு 2008இல் ஸ்கேன் மூலம் காட்டியது. நாக்கு சரியாக எழுந்து இறங்காவிட்டால் பிடிப்பு நழுவும், தாய்க்குக் காம்பு புண்ணாகும், குழந்தைக்கு எடை ஏறாது. 2005இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில் பால் குடிக்கச் சிரமப்பட்ட, நாக்கு ஒட்டிய 57 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். உடனே வெட்டிய 28 பேரில் 27 பேருக்கு முன்னேற்றம். வெறும் ஆலோசனை மட்டும் பெற்ற 29 பேரில் ஒருவருக்குத்தான். இதை வைத்து நாக்கு ஒட்டை வெட்டும் அலை எழுந்தது. பிறகு 2017இல் காக்ரேன் தொகுப்பாய்வு 5 ஆய்வுகளையும் 302 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, தாயின் வலி கொஞ்ச காலத்துக்குக் குறைவது உறுதிப்பட்டது. குழந்தை குடிப்பது மேம்படுவதற்கு ஒரே சீரான சான்று கிடைக்கவில்லை. 2023இல் வெளியான மற்றோர் இங்கிலாந்து ஆய்வில், மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தவர்கள் வெட்டிய தரப்பில் 88 விழுக்காடு, ஆலோசனைத் தரப்பில் 86 விழுக்காடு. ஆலோசனைத் தரப்பிலும் பெரும்பாலோர் பின்னர் வெட்டிக்கொண்டார்களே, இந்த ஒப்பீடு எதை நிரூபிக்கும் என்பது சரியான மறுப்பு. வெட்டு வீண் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் தாய்ப்பால் தரத் தேர்ந்த உதவி கிடைத்த இடத்தில் வெட்டு தனியே சாதித்தது எவ்வளவு என்ற ஐயத்தையும் அது தீர்க்கவில்லை.

அந்தத் தேர்ந்த உதவிதான் திண்டுக்கல் சமவெளியில் தனி வரலாறு கொண்டது. 1947இல் மருத்துவர் சௌந்தரம் அம்மாளும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனை, சின்னாளபட்டிச் சுற்றுவட்டாரப் பெண்களுக்கான சிறு மருத்துவ நிலையமாகப் பிறந்தது. ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமம் நடத்திய கிராமச் சுகாதாரப் பணி, பயிற்சி பெற்ற செவிலியரை வீட்டு வாசல்வரை கொண்டுபோனது. இன்று தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில்தான். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. ஆக, பிறந்த குழந்தையின் வாயைப் பயிற்சி பெற்ற கண் பார்க்கும் வாய்ப்பு முன்னெப்போதையும்விட அதிகம். ஆனால் வாயைப் பார்ப்பதோடு குழந்தை பால் குடிப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சேனை தொட்டு வைப்பதும் சர்க்கரைத் தண்ணீரும் முதல் தாய்ப்பாலைத் தள்ளிப்போட்ட வீட்டில், பிடிப்பு சரியில்லாததற்கு நாக்கைக் குற்றம் சொல்வது எளிது. பிள்ளையைத் தூக்கி அணைக்கும் விதத்தைத் திருத்தினாலே பாதிச் சிக்கல் தீர்வதுண்டு. திருத்தியும் தீராமல், நாக்கு எழவே மாட்டாத குழந்தைக்கு முதல் சில வாரங்களுக்குள் வெட்டுவது எளிது, தாமதிப்பதில் பொருளில்லை.

சின்ன வெட்டுத்தானே, வெட்டிவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்பவர்கள் உண்டு. பச்சைக் குழந்தையிடம் அது நொடி வேலைதான். ஆனாலும் பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போடாத குழந்தையிடமோ, இரத்தம் உறையாக் குறை உள்ள குடும்பத்திலோ அது ஆபத்து. உமிழ்நீர் நாளம் காயப்படலாம், தழும்பு இறுகி மறுபடி இழுக்கலாம், வலியால் குழந்தை மார்பையே மறுக்கலாம். வளர்ந்த பிள்ளைக்கோ மயக்க மருந்து கொடுத்துத் தையல் போட வேண்டியிருக்கும். நியூசிலாந்தின் நிக்கி மில்ஸ் 2019இல் வெளியிட்ட உடற்கூற்று ஆய்வு, இந்த மடிப்பு தனிக் கயிறு அன்று, வாய்த் தரையின் உறைத்திசு நாக்கோடு சேர்ந்து எழும்போது உண்டாகும் மடிப்பே என்று காட்டியது. வெளியே தெரியாத ‘பின் ஒட்டு’ என்று சொல்லி ஆழமாக வெட்டுவோருக்கு இது நல்ல எச்சரிக்கை. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் 1997இல் 3,934ஆக இருந்த நாக்கு ஒட்டு, 2012இல் 32,837 ஆனது. குழந்தைகளின் நாக்கு பதினைந்து ஆண்டுகளில் மாறிவிடாது. மாறியது பார்க்கும் கண்தான். பிரேசில் 2014இல் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் நாக்குச் சோதனையைச் சட்டமாக்கியது. தேடுவதைச் சட்டமாக்கலாம். எதைக் கண்டால் வெட்ட வேண்டும் என்பதைச் சட்டத்தால் சொல்ல முடியாது. அமெரிக்காவின் அலிசன் ஹேஸல்பேக்கர் 1993இல் வகுத்த அளவுகோல் தோற்றத்துக்கு 5 இனமும் செயலுக்கு 7 இனமும் வைத்தது, தோற்றம் மட்டும் போதாது என்பதால்தான். கோட்லோ என்பவரின் 1999ஆம் ஆண்டு அளவுகோல் கட்டற்ற நாக்கின் நீளம் 16 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இயல்பு என்கிறது. நீளம் அளப்பது எளிது என்பதே இதன் ஈர்ப்பு.

பேச்சையும் பாலையும் தாண்டி நாக்குக்கு வேலை உண்டு: பல்லிடுக்கில் சிக்கிய பருக்கையைத் துழாவுதல், உதட்டை நக்குதல், நாதஸ்வரக்காரரின் துத்துகாரம். முளைப்பாரி ஊர்வலத்தில் பெண்கள் இடும் குலவை, நாக்கைப் பக்கவாட்டில் விரைந்து ஆட்டுவதால் பிறப்பது. மருத்துவர் கேட்கும் பக்க அசைவுச் சோதனைக்கு இதைவிட நல்ல ஊர்ச் சோதனை எனக்குத் தெரியவில்லை. கடும் ஒட்டினால் கீழ்ப்பல் நடுவே இடைவெளி விழுவதும் உண்டு. தூக்கத்தில் மூச்சுத் திணறல், தாடை வளர்ச்சி என்று சொல்லப்படும் மற்றவற்றுக்குச் சான்று இன்னும் மெல்லியது.

மாறாக, சான்று கனமாக இருந்தும் நாக்கோடு சேர்த்துப் பேசப்படாத நோய் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. மெல்லும் புகையிலைக்கும் சுருட்டுப் புகையிலைக்குமான மத்திய ஆராய்ச்சி நிலையம் வேடசந்தூரில் 1948 முதல் இயங்குகிறது. புகையிலை வணிகமும் பாக்கு மெல்லும் பழக்கமும் இங்கே பழையவை. பாக்கு மெல்பவர்களின் வாய்ச் சவ்வுக்கு அடியில் நார்த்திசு படிந்து வாய் சுருங்கும் நோயை, 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு எழுதினார். 1953இல் பம்பாயின் ஜோஷி அதற்கு இப்போது வழங்கும் பெயரைக் கொடுத்தார். முதலில் காரம் பட்டால் எரியும்; பிறகு வாய் திறப்பு குறையும்; நாக்கு வெளுத்து, தடித்து, நீளவும் எழவும் மாட்டாமல் போகும். பிறவியில் நன்றாக இருந்த நாக்கு நடுவயதில் ஒட்டிப்போவது இதுதான். இதை அறுத்து முழுதாக விடுவிக்க வழியில்லை. எர்ணாகுளம் பகுதியில் 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 66 நோயாளிகளில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது. தமிழ்நாடு 2013இல் குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது, பாக்குக்குத் தடையில்லை. வாயில் மூன்று விரலை நெட்டுக்குத்தாக நுழைக்க முடியாதவர்கள், எரிச்சல் பொறுக்கும் அளவில் இருந்தாலும், பாக்கை அன்றே நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்ட வேண்டும்.