அடிதடி முறைப்பாடுகளும் அம்மன் சன்னிதியும்: முன்னேஸ்வரத்தை முன்வைத்து

சிறிய ஊரொன்றின் தாக்குதல் புள்ளிவிவரம், பொலிஸ் நிலையம்வரை போய்ச் சேர்ந்த முறைப்பாடுகளின் கணக்கு மட்டுமே. விழுந்த அடிகள் எத்தனை என்பதற்கு அது விடையாகாது. இலங்கையில் சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தில் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது. காரணம், அங்கே முறையிட இன்னொரு வாசலும் உண்டு: பத்திரகாளி கோயில்.

முதலில் அரச கணக்கு. பாரதூரமான குற்றங்களின் பட்டியலில் கடுங்காயம் விளைத்தலையும் கத்தி முதலியவற்றால் காயப்படுத்தலையும் பொலிஸார் சேர்க்கின்றனர். அறைந்து காயப்படுத்துவதும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றந்தான். ஆனால் சாதாரண காயம் அப்பட்டியலில் ஏறாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் வந்தபின் இத்தகைய பிணக்குகள் சபைக்கு அனுப்பப்படுகின்றன. 'என்ட்ரி போட்டாச்சு' என்று வீடு திரும்புபவரின் வழக்கு, நீதவான் முன் வராமலே தீர்ந்துவிடலாம். இலட்சம் பேருக்கு இத்தனை என்ற விகிதமும் இங்கே தடுமாறும். முன்னேஸ்வரத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் நீளும் உற்சவத்துக்கு வரும் அடியார்கள் குடித்தொகைக் கணக்கில் இல்லை. அவர்களுக்குள் மூளும் சண்டை மட்டும் சிலாபத்துக் கணக்கில் விழும்.

மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1975இல் 'எத்னோலொஜி' ஆய்விதழில் எழுதிய கட்டுரை இங்கே இன்றியமையாதது. முன்னேஸ்வரம், சீனிகம, கஹட்டபிட்டிய ஆகிய மூன்று தலங்களுக்குப் பகைவரைத் தண்டிக்கக் கோரி வந்தவர்களை அவர் ஆராய்ந்தார். திட்டமிட்டுக் கொல்லும் எண்ணம் சூனியத்தின் வழியே வடிந்துவிடுவதால் குற்றப் பதிவில் அது குறைவாகத் தெரிகிறது என்பது அவர் முடிபு. காளி சன்னிதிக்கு வந்தவர் தம் குறையைச் சொல்ல, பூசாரி அதை அம்மனிடம் எடுத்துரைப்பார். தேங்காய் கல்லில் அடித்து உடைக்கப்படும். எதிராளியின் பெயரும் செய்த குற்றமும் அங்கே வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன. முறைப்பாட்டுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது, பதிவேடு ஒன்றைத் தவிர.

ஒபேசேகர ஆத்திரம் எங்கே போகிறது என்று கேட்டார். அந்த ஆத்திரத்துக்குக் காரணமான அடியைப் பற்றியே நான் கேட்க விரும்புகிறேன். கோயிலில் கோபம் தணிந்தாலும் அடித்தவர் அதே ஒழுங்கையில்தான் நடமாடுகிறார். முன்னேஸ்வரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் விருத்தாசலத்துக் கொளஞ்சியப்பர் கோயிலிலும் பிராது எழுதிக் கட்டுவதும், வழக்குத் தீர்ந்தால் அதைத் திரும்பப் பெறுவதும் இன்றும் நடக்கின்றன. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் ஒரு முக்கியமான சான்றை இழந்துவிடுவோம்: முறையிட ஆள்கள் தயாராகவே இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் விழும் அடியில் இடைவெளி இன்னும் பெரிது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், துணையுடன் வாழ்ந்த பெண்களுள் 20.4 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர் கிடைத்த விடை இது. வீடு வீடாகப் போய்க் கேட்டதால்தான் அது வெளியே வந்தது.

ஆகவே ஓராண்டில் முறைப்பாடுகள் கூடினால் ஊர் கெட்டுவிட்டது என்று எழுதுவது தவறு. பொலிஸார்மேல் நம்பிக்கை வளர்ந்ததாலும் எண்ணிக்கை கூடலாம். பொலிஸ் முறைப்பாடு, மத்தியஸ்த சபைக்குச் சென்ற பிணக்கு, தாக்குதல் காயத்தோடு வைத்தியசாலைக்கு வந்தவர் தொகை ஆகிய மூன்றையும், பெயர் விவரம் இன்றி, பிரதேசவாரியாக ஒன்றாக வெளியிட வேண்டும். அதுவரை பொலிஸ் எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்தச் சிற்றூரையும் அமைதியான ஊர் என்றோ அடிதடி ஊர் என்றோ ஆய்வாளர்கள் தீர்ப்பெழுதக் கூடாது.