சுண்ணாம்பு குடித்த காற்று

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையோரம் உப்பளங்கள். வேலை முடிந்து அந்தப் பக்கமாகக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். இந்த உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா கிடைக்கும். காஸ்டிக் சோடா காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை இழுத்துக்கொள்ளும். அப்போ, பூமியின் சூட்டுக்கு மருந்து இந்தப் பாத்திகளிலேயே கிடக்கிறதா?

காற்றிலிருந்து கரியமிலவாயுவைப் பிடிப்பது நமக்குப் புதுசு இல்லை. நம் பழைய சுவர்கள் அதைத்தான் செய்தன. கிளிஞ்சலைக் காளவாயில் போட்டு 900 டிகிரி வாக்கில் சுட்டால், 100 கிலோவுக்குச் சுமார் 44 கிலோ கரியமிலவாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது சுண்ணாம்பு. அதை நீற்றி, மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், போன வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்து மறுபடி கல்லாகும். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்புக்கு அடியில் நடந்ததும் இதுதான். ஆனால் சுவர் திருப்பி எடுத்தது கிளிஞ்சல் விட்டதை மட்டும். காளவாயில் எரிந்த விறகின் புகைக்கு அது பொறுப்பேற்கவில்லை.

அதே செட்டிநாட்டில்தான், நெருப்புக்குப் பதில் மின்சாரத்தை வைத்து வேதியியல் செய்ய ஓர் ஆய்வு நிறுவனம் வந்தது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அன்றைய கவலை துருவும் பேட்டரியும் உலோகமும்தான். வானிலை மாறும் என்ற பயம் அப்போது பரவலாக இல்லை.

இப்போது என் உப்பளக் கணக்குக்கு வருகிறேன். ஒரு டன் கரியமிலவாயுவைப் பிடிக்கச் சுமார் 1.8 டன் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கே 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும். ஆக, 4,000 யூனிட். நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமிலவாயு. ஒரு டன்னைப் பிடிக்க நாலு டன்னை விடுகிறோம்! போதாக்குறைக்கு 1.6 டன் குளோரின் வேறு. ஒரு பக்கை சரிசெய்யப் போய் நாலு பக்கை உண்டாக்கும் கதை.

இயற்கை விதிப்படி பார்த்தால், காற்றிலிருந்து ஒரு டன்னைப் பிரிக்கக் குறைந்தபட்சம் சுமார் 125 யூனிட் போதும். 125-க்கும் 4,000-க்கும் நடுவில்தான் இன்றைய ஆராய்ச்சி எல்லாம். கரைசலை ஒருதரம் பயன்படுத்திவிட்டுக் கொட்டாமல், பிடித்த வாயுவைப் பிரித்துவிட்டு மின்சாரத்தாலேயே புதுப்பிப்பது ஒரு வழி. 2019-ல் எம்.ஐ.டி.யின் வோஸ்கியனும் ஹாட்டனும் இன்னொன்றைக் காட்டினார்கள்: குயினோன் பூசிய மின்முனை. பேட்டரி மாதிரி சார்ஜ் ஏற்றினால் வாயுவைப் பிடிக்கும், இறக்கினால் விடும். காளவாயும் வேண்டாம், சூடும் வேண்டாம். ஆனால் காற்றில் பத்தாயிரம் மூலக்கூறுக்கு நாலுதான் கரியமிலவாயு. ஆக்சிஜனோ இரண்டாயிரத்துக்கு மேல். அந்த ஆக்சிஜன் சார்ஜ் ஏறிய குயினோனைக் கெடுக்கப் பார்க்கும்.

சரி, மின்சாரம் சூரியனிலிருந்து வந்தால்? அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதே 4,000 யூனிட்டை நேராக வீடுகளுக்குக் கொடுத்து நிலக்கரியை நிறுத்தினால், நாலு டன் புகை வராமலேயே போகும். அதை விட்டுவிட்டு ஒரு டன்னைத் துரத்திப் பிடிப்பது ஏன்? இந்தக் கருவிகள் தேவைப்படும் நாள் வரும்: நிலக்கரியை நிறுத்திய பிறகும், ஏற்கெனவே விட்டது காற்றிலேயே நிற்குமே, அதற்கு. ஆராய்ச்சியை அதற்காக இப்போதே செய்யவேண்டும். ஆனால் காளவாயை அணைக்காமல் சுவரைக் காட்டிப் பெருமை பேச முடியாது.