துபாஷியும் துணி மாதிரியும்... ப்ராம்ப்ட்டின் பழைய கதை

சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30 அன்று. அதற்குப் பிறகுதான் ‘ப்ராம்ப்ட்’ என்ற சொல் கல்லூரி கேண்டீன் வரைக்கும் வந்து சேர்ந்தது. என்ன வேண்டும் என்று இயந்திரத்துக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்புதான் ப்ராம்ப்ட். இப்போது இதற்கு வகுப்பெல்லாம் எடுக்கிறார்கள். ஆனால் நம் பாஷை தெரியாத ஒருவரிடம் சரியாக வேலை வாங்குவது எப்படி என்ற தலைவலி புதுச்சேரிக்குப் புதிதல்ல.

18ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முக்கியச் சரக்கு துணி. இன்று தேங்காய்த்திட்டில் துறைமுகம் இருக்கிறது. அன்று கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும், மூட்டைகள் படகில் போகும். ஆர்டர் வருவது பிரான்சிலிருந்து. நெய்பவர் இருப்பதோ ஏதோ ஒரு கிராமத்தில். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, வெள்ளைக்காரருக்குத் தறி தெரியாது. நடுவில் துபாஷிகளும் வியாபாரிகளும். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, டூப்ளே காலத்தில் தலைமை துபாஷியாக இருந்தவர்.

‘நல்ல நீலத் துணி வேண்டும்’ என்று சொல்லிவிடலாம். எது நல்லது? அங்கேதான் சண்டை. அதனால் நீளம், அகலம், இழை எல்லாம் பேசி முடிப்பார்கள். சோழமண்டலக் கரையில் பாவு நூலுக்குப் ‘புஞ்சம்’ என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு புஞ்சம் 120 இழை. அதே அகலத்தில் புஞ்சம் கூடினால் துணி நெருக்கமாகும், விலையும் ஏறும். சரி, சாயத்தின் அழுத்தத்தையும் கையில் படும் மென்மையையும் எந்தக் கணக்கில் சொல்வது? அதற்குத்தான் மாதிரித் துணி. ‘இதைப் போலவே’ என்று ஒரு துண்டைக் கொடுத்துவிடுவது. ஆங்கிலக் கம்பெனியார் இதை ‘மஸ்டர்’ என்றார்கள். போர்த்துகீசிய ‘மோஸ்ட்ரா’விலிருந்து வந்த சொல். (பி.காம். காரர்களுக்கு: 1930ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15, 17ஆம் பிரிவுகள் ஞாபகம் வருகிறதா? மாதிரியும் காட்டி விவரமும் சொல்லி விற்றால், சரக்கு இரண்டோடும் பொருந்த வேண்டும். பரீட்சைக்கு வரும்!)

வந்த துணியை மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தரம் குறைந்தால் விலையை வெட்டுவார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். முன்பணம் வாங்கியிருந்த நெசவாளி தலையில்தான் கடைசியில் அந்த நஷ்டம் விடியும். ஆர்டர் தெளிவில்லாமல் இருந்தது யார் குற்றம் என்று யாரும் கேட்பதில்லை.

சொல்லில் அடங்காத விவரத்துக்கு நல்ல உதாரணம், புதுச்சேரியிலிருந்து செனகலுக்குப் போன ‘கினே’ என்ற நீலத் துணி. அங்கே இதைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள். பிரான்சில் ரூவான் நகரத்தில் இதேபோல் நெய்து அனுப்பிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. பாலைவனத்து வாடிக்கையாளர்கள் துணியை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்களாம். அந்த அவுரி வாசனையை எந்த ஆர்டரில் எழுதுவது?

2020இல் ஓபன்ஏஐ நிறுவனத்தார் ஜிபிடி-3 பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 17,500 கோடி பாராமீட்டர்கள் கொண்ட மாடல். அதில் பெரிதாகப் பேசப்பட்ட விஷயம் என்னவென்றால், கேள்வியோடு நாலைந்து மாதிரி விடைகளையும் சேர்த்துக் கொடுத்தால் அது இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பதுதான். மஸ்டரேதான்! ‘நெசவு பற்றி எழுது’ என்றால் பொதுவாக எதையோ அளக்கும். எந்தக் காலம், எந்த ஊர், யார் படிக்க, எத்தனை வரி என்று சொல்லி, பிடித்த நடையில் ஒரு பத்தியையும் ஒட்டினால் கிட்டத்தட்ட கேட்டது வரும். ஒரு வித்தியாசம், சந்தேகம் வந்தால் அன்றைய வியாபாரி துபாஷியிடம் திரும்பக் கேட்டிருப்பார். இது பெரும்பாலும் கேட்காது. தெரியாததையும் அடித்துச் சொல்லும். விலை வெட்ட இங்கே நெசவாளியும் இல்லை, நஷ்டம் கேட்டவருக்கே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2022இல் வந்த ஒரு ஆய்வில், வகை பிரிக்கும் வேலைகளுக்குக் கொடுத்த மாதிரிகளில் விடைகளை வேண்டுமென்றே கண்டபடி மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் மாடல்களின் திறன் பெரிதாகக் குறையவில்லை! மாதிரியிலிருந்து அவை முக்கியமாக எடுத்துக்கொண்டது என்ன மாதிரிக் கேள்வி, பதில் எந்த வடிவத்தில் வேண்டும் என்பதைத்தான். நெசவாளி மஸ்டரைப் பார்த்து அகலத்தையும் புஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு, சாயத்தைக் கண்டுகொள்ளாமல் விட்ட மாதிரி.