எத்தனை நாள் தாங்கும்?

கார் பட்டறையில் சக்கரத்துக்குப் புது பேரிங் மாட்டும்போது, "இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்கிறோம். "நல்ல சாமான், பயப்படாதீங்க" என்பார் பட்டறைக்காரர். இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லப் பொறியாளர்களுக்கே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

1883ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர், எஃகுக் குண்டுகளை ஒரே அளவாக உருட்டித் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். சைக்கிளுக்கு அந்தக் குண்டுகள் போதும். டன் கணக்கில் பாரம் ஏற்றினால் என்ன ஆகும்?

பெர்லினுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் அதைத்தான் சோதித்தார். 1901ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முடிவுகள் ஆச்சரியமானவை. ஆயிரம் கிலோ பாரம் ஏற்றினாலும் உராய்வு ஒன்றரைக் கிலோ அளவுதான்! இன்னொன்றையும் சொன்னார். பேரிங்கில் பத்துக் குண்டுகள் இருந்தால், பாரத்துக்கு நேர் கீழே உள்ள குண்டு பத்தில் ஒரு பங்கையா சுமக்கிறது? இல்லை, ஏறக்குறைய பாதியைச் சுமக்கிறது. மேலே இருப்பவை சும்மா இருக்கின்றன. சில குடும்பங்களைப் போலத்தான்!

ஆனால் ஸ்ட்ரிபெக் பார்த்தது, எவ்வளவு பாரத்தில் குண்டு நசுங்கும் என்பதை. நசுங்காத பேரிங்கும் ஒருநாள் கெட்டுப்போனதே, அது ஏன்? குண்டு உருண்டு போகும் ஒவ்வொரு முறையும் எஃகு அழுந்தி மீள்கிறது. கோடிக்கணக்கான முறை இப்படி நடந்தபின் உள்ளே நுண்ணிய விரிசல் விட்டு, மேற்பரப்பு செதிலாகப் பெயர்கிறது. எஃகுக்கும் களைப்பு உண்டு.

சுவீடனில் எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் ஆர்விட் பாம்கிரென் இந்தக் களைப்பைக் கணக்கில் பிடித்தார். பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும் என்று 1924ஆம் ஆண்டு எழுதினார். இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரே எஃகு, ஒரே இயந்திரம், ஒரே பாரம். ஆனாலும் ஒன்று சீக்கிரம் போகும், அதன் ஜோடி பல மடங்கு காலம் ஓடும். அதனால் தனி ஒரு பேரிங்கின் ஆயுளைச் சொல்லும் ஆசையை விட்டுவிட்டு, நூற்றில் தொண்ணூறு எத்தனை சுற்று தாண்டும் என்று கேட்டார். 1947ஆம் ஆண்டு குஸ்டாஃப் லுன்ட்பெர்க்குடன் சேர்ந்து அதை முழுக் கோட்பாடாக்கினார். இன்றைய உலகத் தர நிர்ணயம் அதன்மேல்தான் நிற்கிறது. துணிச்சலான நேர்மை என்று இதை நான் சொல்வேன்.

விற்பனை அட்டவணையில் அச்சிட்டிருக்கும் ஆயுளுக்கு முன்பே நூற்றில் பத்து போய்விடலாம். உங்கள் காரில் மாட்டியது அந்தப் பத்தில் ஒன்றா என்று பட்டறைக்காரரால் சொல்ல முடியாது. அதைச் செய்த தொழிற்சாலையாலும் முடியாது.