சட்டாம்பிள்ளையின் பேரனும் நாலு வாரக் கோர்ஸும்

எங்கள் தாத்தா சிறுவயதில் செஞ்சிப் பக்கத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சட்டாம்பிள்ளையாக இருந்தவர். வாத்தியார் களத்துமேட்டுக்குப் போய்விட்டால் சின்னப் பையன்களை மணலில் எழுத வைப்பது, எண்சுவடி முறை சொல்ல வைப்பது, தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. அப்போது அவருக்குப் பதினொரு வயது. கல்லூரியில் வரலாறு நடத்தப் போன எனக்கு இருபத்தாறு. பாடம் எப்படி நடத்துவது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

1983இல் அப்படித்தான். ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டுகிறவர் இரண்டு வருஷம் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு வருகிறவரிடம் பி.எட். கேட்பார்கள். பி.ஏ. வகுப்புக்கு வருகிறவர் பாடம் தெரிந்தவராக இருந்தால் போதும். முதல் நாள் எழுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் என்ன செய்தாரோ அதையே செய்தேன். பழுப்பேறிய நோட்டைப் பார்த்துச் சொன்னேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்ற பேச்சு சென்னை மாகாணத்தில் இருநூறு வருஷப் பழசு. 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. 1826இல் அவர் எழுதிய குறிப்பில் வாத்தியார்களின் வறுமை பெரிதாக இடம்பெறுகிறது. பெரும்பாலோருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லை. தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு ஒன்பது ரூபாய், கலெக்டரேட் பள்ளி ஆசிரியருக்குப் பதினைந்து ரூபாய் தரலாம், ஆசிரியர்களைத் தயார் செய்யச் சென்னையில் ஒரு பள்ளி வைக்கலாம் என்றார். மறு வருஷமே காலமாகிவிட்டார், திட்டமும் நீடிக்கவில்லை. 1856இல் சென்னையில் தொடங்கிய நார்மல் பள்ளிதான் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக நிலைத்தது.

இதற்கெல்லாம் முன்பே எழும்பூரில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். வழியில் ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துவிட்டு, தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்தார், நடந்துவிட்டது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளிலெல்லாம் பரவியது. எங்கள் தாத்தா செய்ததும் அதேதான். தாத்தாவுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மேல்படிப்புக்கு வந்தால் எங்கள் வட்டாரத்திலேயே ஒரு கல்வெட்டு இருக்கிறது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்கே நரசிம்மப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஒரு கல்லூரியின் வரவுசெலவையே சொல்கிறது. இளையவர் 270 பேர், மூத்த மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். நாளொன்றுக்கு இளையவருக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. இலக்கணமும் மீமாம்சையும் நடத்துகிறவர்களுக்கு நெல்லோடு பொன்னும் உண்டு. அத்தியாயத்துக்கு ஒரு கழஞ்சு என்று கணக்கு. எத்தனை வருஷம் சர்வீஸ் என்பதை வைத்து அந்தப் பொன் தரவில்லை. எத்தனை அத்தியாயம் நடத்தி முடித்தார் என்பதை வைத்துத் தந்தார்கள். வேதம் படிக்கும் பிராமணப் பிள்ளைகளுக்கான இடம் அது. எங்கள் முன்னோர் வாசற்படி ஏறியிருக்க முடியாது. அதனால் பொற்காலம் என்று நான் உருகப் போவதில்லை. ஆனால் ஓர் ஆசிரியருக்கு இருபத்து நாலு பேர் என்ற கணக்கைப் பார்த்தால் பெருமூச்சு வருகிறது.

புதுச்சேரிச் சாலையில் திருபுவனையிலும் இப்படி ஒரு கல்லூரி, 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அங்கே படிப்பிக்கிறவர்களும் படிக்கிறவர்களும் ஊர் வாரியங்களில் வேலை பார்க்க வேண்டாம் என்று சபையே விலக்குக் கொடுத்திருக்கிறது. தேர்தல் டியூட்டி ஆணையைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சபை ஞாபகத்துக்கு வரும்.

கல்லூரி ஆசிரியரும் கற்பிக்கக் கற்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்ற 1986 ஆனது. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குத் தரமணியில் 1964 முதலே பயிற்சி நிலையம் உண்டு. கலைக் கல்லூரிக்காரர்களைத்தான் யாரும் கேட்கவில்லை. 1986ஆம் வருஷத்துக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து யு.ஜி.சி. அகாடெமிக் ஸ்டாஃப் காலேஜ்களை ஏற்படுத்தியது. நாலு வார ஓரியண்டேஷன், மூன்று வார ரெஃப்ரெஷர். இவற்றை முடித்தால்தான் அடுத்த ஸ்கேல் என்று கட்டிவிட்டதும் கூட்டம் சேர்ந்தது, கூடவே கோளாறும். நான் 1989இல் போன இடத்தில் காலையில் கையெழுத்து, மாலையில் கையெழுத்து. நடுவில் ஒருவர் ‘மாணவர் பங்கேற்பு’ என்ற தலைப்பில் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். எங்களில் ஒருவரையும் அவர் வாய் திறக்க விடவில்லை.

ஆனாலும் ஒரு மதியம் வீண் போகவில்லை. ஆளுக்குப் பத்து நிமிஷம் பாடம் நடத்தச் சொன்னார்கள். நான் செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகாலைப் பற்றி நடத்தினேன். முடித்ததும் உடன் பயிற்சிக்கு வந்திருந்த விலங்கியல் ஆசிரியை ஒருவர் கேட்டார்: “சார், நீங்க பத்து நிமிஷத்துல ஒரு கேள்வி கூட கேக்கலையே?”

அடுத்த வருஷம் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போனபோது வாயை மூடிக்கொண்டேன். முந்தின வருஷம்வரை ராஜா தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபோடு போரிட்டு இறந்ததை ஒரு மணி நேரம் சொல்வேன்; பாதிப் பேர் குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறை ஐந்தைந்து பேராகப் பிரித்து, கையில் டேப்பைக் கொடுத்து, நெற்களஞ்சியத்தை அளக்கச் சொன்னேன். முற்றுகை வந்தால் இதில் எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிடலாம், கணக்குப் போடுங்கள் என்றேன். ஒரு குழு சண்டை போட்டுக்கொண்டது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, விவசாயி மகள், சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “நெல்லுல புழுக்கம் ஏறாம இருக்க காத்து எங்க சார் வரும்?” என்னிடம் பதில் இல்லை. அன்று கீழே இறங்க மாலை ஐந்தாகிவிட்டது. அடுத்த வாரம் அவளையே வகுப்பு நடத்தச் சொன்னேன். வீட்டுக் குதிரில் நெல்லைக் காய வைத்துக் கொட்டும் பக்குவத்தை அவள் சொல்லச் சொல்ல நானும் எழுதிக்கொண்டேன்.

ஸ்டாஃப் காலேஜுக்குப் பிறகு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் வந்தது. 2023இலிருந்து மாளவியா மிஷன் பயிற்சி மையம். இப்போது ஆன்லைனிலேயே முடிக்கலாம். கேமராவை அணைத்துவிட்டுச் சமைக்கிறேன் என்று ஓர் இளம் நண்பர் சொன்னார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: சான்றிதழ் வந்ததும் ஒரு நாள் உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள், பாடத்தை ஒரு சட்டாம்பிள்ளை நடத்தட்டும்.